மிதக்கும் களிமண்

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்த முதல் நாளே அவளுக்கு 'அக்கா' என்று பெயர் விழுந்துவிட்டது. கூடப் படிக்க வந்ததெல்லாம் மீசை அரும்பும் பையன்களும், காதில் பாட்டை மாட்டிக்கொண்டே நடக்கும் பெண்களும். இவளோ பதினொன்றாம் வகுப்பில் ஒரு மகளை வைத்திருக்கிறவள். பார்சல் அலுவலகக் கவுண்டரில் உட்கார்ந்து, மூட்டை முடிச்சுகளைத் தராசில் தூக்கி வைத்து, "அடுத்தவங்க வாங்க" என்று சொல்லிச் சொல்லியே தொண்டை காய்ந்தவள். விரிவுரையாளருக்கே இவளைவிட வயது குறைவு. வருகைப் பதிவு எடுக்கும்போது அவரும் ஒரு நாள் வாய் தவறி "அக்கா வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டார். அதற்கப்புறம் கல்லூரி வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவள் அக்காதான்.

படிப்பில் அக்கா சோடை போகவில்லை. குழந்தை உளவியல், மதிப்பீட்டு முறைகள், கரும்பலகையில் வரி கோணாமல் எழுதுவது எல்லாவற்றிலும் தேறிவிட்டாள். பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று, இறுதிப் பாடம். உரிமம் தரும் வாரியத்திலிருந்து ஒரு தேர்வாளர் வருவார். வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்வார். அவர் பார்த்துக்கொண்டிருக்க ஒரு முழுப் பாடவேளை நடத்திக் காட்ட வேண்டும். அதில் தேறினால் ஆசிரியர் உரிமம் கைக்கு வரும். அவள் பயிற்சிக்குப் போய்வந்த பள்ளியிலேயே ஒரு இடம் காலியாக இருந்தது. "லைசென்ஸோட வாங்க, நாற்காலி உங்களுக்குத்தான்" என்று தலைமையாசிரியர் வாக்குக் கொடுத்திருந்தார்.

ஆனால் இறுதிப் பாடத்தில் அக்கா ஏற்கெனவே ஒரு தடவை மண்ணைக் கவ்வியவள்.

அன்று இலைகளைப் பற்றிய பாடம். எல்லாம் எண்ணெய் போட்ட சக்கரம் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு பையன் எழுந்து, "டீச்சர், மரம் தூங்குமா?" என்று கேட்டான். அக்கா குனிந்து பாடத்திட்டத்தைப் பார்த்தாள். அதில் தூங்கும் மரம் எதுவும் இல்லை. "அது இன்னைக்குப் பாடத்துல இல்லை, உக்காரு" என்றாள். பையன் உட்கார்ந்தான். கூடவே வகுப்பு முழுக்க உட்கார்ந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு கை மேலே எழவில்லை. தேர்வாளர், கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த ஒல்லி மனிதர், போகும்போது சொன்னார்: "பாடத்தை நடத்தினீங்க. வகுப்பை நடத்தலை."

இன்னும் ஒரு வாய்ப்பு மட்டும் உண்டு. அதையும் கோட்டைவிட்டால் பயிற்சியை அடியிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். காலியாக இருக்கும் நாற்காலி அதுவரை காத்திருக்காது.

தேர்வாளர் சொன்னதை அக்கா புரிந்துகொண்ட விதம்தான் வேடிக்கை. திட்டத்தில் இல்லாத கேள்வி வந்ததால்தானே தோற்றோம், அப்படியானால் உலகத்தில் உள்ள கேள்வி அத்தனையையும் திட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டால் போயிற்று என்று முடிவுகட்டினாள். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. ஆனால் பார்சல் அலுவலகத்தில் எந்தப் பெட்டிக்கு எந்தச் சீட்டு என்று முன்கூட்டியே ஒட்டிவைத்துப் பழகியவளுக்கு வேறு எப்படித் தோன்றும்?

புதுப் பாடம், மிதப்பதும் மூழ்குவதும். தண்ணீரில் கரையாத வண்ணக் களிமண்ணை உருண்டையாக உருட்டித் தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும். அதே களிமண்ணைக் கிண்ணமாகக் குழித்து வைத்தால் மிதக்கும். ஏன் என்று பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்புக்கு அளவெடுத்துத் தைத்தது போன்ற பாடம். கேள்வி கேட்கத்தான் ஆள் வேண்டும். அதற்கு வீட்டிலேயே ஒருவர் இருந்தார்.

அக்காவின் கணவருக்கு வீடு மாறுகிறவர்களின் சாமான்களை லாரியில் ஏற்றி இறக்கும் வேலை. அலமாரியைத் தனியாளாக முதுகில் வைத்து மூன்று மாடி ஏறுவார். வேலை முடிந்து வந்ததும் தோளில் கிடக்கும் துண்டைக்கூட எடுக்காமல், மகளுடைய பழைய புத்தகப் பையை மாட்டிக்கொண்டு கூடத்துத் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். பக்கத்தில் மகள். அவள் முதல் வரிசை, அவர் கடைசி வரிசை. இரண்டு பேர்தான் வகுப்பு என்றாலும் கடைசி வரிசையில் மட்டும் பத்துப் பேர் இருந்த மாதிரி சத்தம் கேட்கும்.

"இந்தாம்மா, ஒண்ணுக்குப் போகணும்."

"பாடம் ஆரம்பிச்சு ஒரு நிமிஷம்கூட ஆகலைங்க. அப்புறம், இந்தாம்மான்னு எந்தப் பிள்ளை கூப்பிடும்? டீச்சர்னு கூப்பிட்டுக் கேளுங்க."

"லைசென்ஸ் வரட்டும், கூப்பிடுறேன். பார்சல் ஏறாம ரசீது குடுப்பீங்களா உங்க ஆபீஸ்ல?"

அதில் மட்டும் மனிதர் பிடிவாதம். மகள் எத்தனையோ சொல்லிப் பார்த்தாள். கேட்கவில்லை. அக்காவும் மேலுக்குச் சிரித்துவிட்டு விட்டுவிட்டாள். ஆனால் அந்த ஒரு சொல் அவர் வாயிலிருந்து வர வேண்டும் என்று அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. அதை வெளியே சொல்லிக்கொள்ளவில்லை.

தொட்டியில் தண்ணீர் நிரப்பி, உருண்டையைப் போட்டாள். மூழ்கியது. கிண்ணத்தை வைத்தாள். மிதந்தது. மகள் நல்ல பிள்ளையாக, "வடிவம் மாறினதால டீச்சர்" என்றாள்.

"நான் ஒத்துக்க மாட்டேன்" என்றது கடைசி வரிசை. "உருண்டையை டம்முனு போட்டே. கிண்ணத்தை மட்டும் பச்சப்பிள்ளையைத் தொட்டில்ல போடுற மாதிரி வச்சே. மெதுவா வச்சா எதுவும் மிதக்கும்."

அக்கா திட்டத்தில் எழுதிக்கொண்டாள்.

"சரி, அதை விடு. ரெண்டும் ஒரே கனம்னு எனக்கு எப்படித் தெரியும்? கிண்ணத்துக்குக் களிமண் கம்மியா எடுத்திருப்பே. கனம்னா என்னன்னு என் முதுகைக் கேளு, சொல்லும். கனமானது மூழ்கும், லேசானது மிதக்கும். அவ்வளவுதான் விஷயம்."

அதையும் எழுதிக்கொண்டாள். இப்படியே எழுதி எழுதிப் பாடத்திட்டம் திருமண ஆல்பம் கனத்துக்கு வந்துவிட்டது. தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவர் களிமண்ணை வாங்கி, உள்ளங்கையால் தட்டித் தட்டிச் சப்பையாக ஒரு தட்டு செய்தார். தண்ணீரில் வைத்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு அது கீழே போய்ப் படுத்துக்கொண்டது.

"உன் கிண்ணத்தைவிட இது அகலம். அப்ப ஏன் மூழ்குது? வடிவம் மாறினா மிதக்கும்னீங்களே, மாத்திட்டேனே?"

அக்கா மகளைப் பார்த்தாள். மகள் தொட்டியைப் பார்த்தாள்.

"அஞ்சாம் வகுப்புப் பிள்ளை இதெல்லாம் கேக்காதுங்க" என்று திட்டத்தை மூடிவைத்தாள்.

"நான் கேக்குறேனே" என்றார் அவர், பையைக் கழற்றிக்கொண்டே.

தேர்வுக்கு முந்தின நாள், கடைசி அறிவுரைகள் சொல்லக் கல்லூரியில் கூப்பிட்டிருந்தார்கள். அதனால் அவள் பள்ளிக்குப் போகவில்லை. அன்று ஐந்தாம் வகுப்பைப் பார்த்துக்கொண்டது அவளுடைய வழிகாட்டி ஆசிரியை. பிள்ளைகளுக்கு அவர் பெரிய டீச்சர், அக்கா புது டீச்சர். பெரிய டீச்சருக்கு உடம்பும் பெரியது, மனசும் பெரியது. போன தடவை அக்கா தோற்றபோது, தோற்றவளைவிட அதிகமாக அழுதவர் அவர்தான். சாயங்காலம் அவரே போன் செய்தார்.

"நாளைக்கு ஒண்ணும் பயப்படாதே கண்ணு. பிள்ளைங்க பிரமாதமா பதில் சொல்லும் பாரு. நான் இருக்கேன்ல?"

அந்த "நான் இருக்கேன்ல"வில் ஏதோ இருந்தது. அக்காவுக்கு அது காதில் விழுந்ததே தவிர மண்டைக்குள் போகவில்லை.

மறுநாள் காலை வகுப்பறையைப் பார்க்க அவளுக்கே பெருமையாக இருந்தது. மேசைகளை நான்கு நான்காகச் சேர்த்துப் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு வாளித் தண்ணீர், ஒரு பொட்டலம் களிமண். முன்னால் பார்சல் அலுவலகத் தோழி இரவல் கொடுத்த சின்னத் தராசு. ஜன்னலோரம் ஈரத் துணி காய்ந்துகொண்டிருந்தது. தேர்வாளர் வந்தார். அதே ஒல்லி மனிதர், அதே கண்ணாடிக் கயிறு. பிள்ளைகள் உட்காரும் குட்டை நாற்காலியில் உட்கார்ந்ததும் அவருடைய முழங்கால் இரண்டும் மோவாய் உயரத்துக்கு வந்துவிட்டன. வாசலருகே பெரிய டீச்சர் நின்று, வகுப்பைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

"எல்லாரும் இதைப் பாருங்க" என்று அக்கா களிமண் உருண்டையைத் தூக்கிக் காட்டினாள். "இதைத் தண்ணியில போட்டா என்ன..."

முப்பது கைகளும் ஒரே நேரத்தில் எழுந்தன.

"மூழ்கும் டீச்சர்!"

"கிண்ணம் மாதிரி செஞ்சா மிதக்கும் டீச்சர்!"

"ஏன்னா அது தண்ணியில அதிக இடத்தை எடுத்துக்குது டீச்சர்!"

பாடவேளையின் கடைசியில் வர வேண்டிய பதில். தட்டுத் தடுமாறி, நனைந்து, சண்டை போட்டு, பிள்ளைகளாகவே வந்துசேர வேண்டிய பதில். மூன்றே நிமிடத்தில், சுடச்சுட, ஒரே குரலில் வந்து விழுந்துவிட்டது. அக்கா மேசைப் பக்கம் திரும்பினாள். திட்டத்தைப் புரட்டினாள். தெரியாத பிள்ளைகளுக்குப் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தாள். எல்லாம் தெரிந்த பிள்ளைகளுக்கு ஒரு வரி இல்லை.

"உங்களுக்கு எப்படி..." என்று அவள் இழுத்ததுதான் தாமதம், முன் வரிசையிலிருந்து வானொலி எழுந்து நின்றாள். அந்தப் பெண்ணுக்கு அப்படிப் பெயர் வைத்தது பெரிய டீச்சர்தான். போட்டால் அணைக்க முடியாது என்பதால்.

"நேத்தே பெரிய டீச்சர் செஞ்சு காட்டிட்டாங்க டீச்சர்! எப்படிச் சொல்லணும்னு மூணு தடவை சொல்லிக் குடுத்தாங்க. கடைசி வரிசையில உக்கார்ற சாருக்குக் கேக்குற மாதிரி சத்தமா சொல்லணும்னாங்க. நான் சத்தமா சொன்னேன்தானே?"

வாசலில் பெரிய டீச்சரின் முகத்தில் ஈயாடவில்லை. கடைசி வரிசையில் பேனா நின்றது. தேர்வாளர் தொங்கிய கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அக்காவைப் பார்த்தார்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். அக்கா மனதுக்குள் நாற்காலியைப் பார்த்தாள், தலைமையாசிரியர் வாக்குக் கொடுத்த அந்த நாற்காலியை. அதைத் தூக்கி லாரியில் ஏற்றிக்கொண்டு போவதுபோல இருந்தது. ஏற்றுகிற ஆள் யார் என்று பார்த்தால், தோளில் துண்டோடு அவளுடைய வீட்டுக்காரர். 'நான் ஒத்துக்க மாட்டேன்' என்கிறார்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரத்தில் சிரிப்பு வரக்கூடாதுதான். வந்துவிட்டது.

பாடத்திட்டத்தை மூடி மேசைக்கு அடியில் வைத்தாள்.

"ரொம்ப நல்லதாப் போச்சு. உங்க எல்லாருக்கும் தெரிஞ்சிருச்சு. ஆனா எங்க வீட்ல ஒருத்தர் இருக்காரு. வீட்டுச் சாமான் ஏத்தி இறக்குறவரு. நானும் எத்தனையோ நாளா சொல்லிப் பாக்குறேன், அவரு நம்பவே மாட்டேங்குறாரு. நீங்கதான் அவரை நம்ப வைக்கணும். வைப்பீங்களா?"

"வைப்போம்!"

"லேசுப்பட்ட ஆள் இல்லை, சொல்லிட்டேன்."

ஜன்னலில் காய்ந்த துணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். ஒரு குட்டை நாற்காலியை இழுத்து, கைகளைக் கட்டிக்கொண்டு, சாய்ந்து உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்தி, தொண்டையைச் செருமினாள்.

"என்ன பசங்களா, களிமண் மிதக்குதாமே? யாருகிட்ட காது குத்துறீங்க? கனமானது மூழ்கும், லேசானது மிதக்கும். என் முதுகைக் கேளு, சொல்லும்!"

வகுப்பு ஒரு நொடி வாயைப் பிளந்தது. அப்புறம் சிரித்த சிரிப்பில் வாளித் தண்ணீர் ஆடியது. அந்த நிமிடத்திலேயே அவருக்கு மூட்டை மாமா என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

வானொலிதான் முதலில் ஓடிவந்தாள். உருண்டையைப் போட்டு, கிண்ணத்தை வைத்து, "பாத்தீங்களா மாமா!" என்றாள்.

"எங்க பாத்தேன்? உருண்டையை டம்முனு போட்டே, கிண்ணத்தை மட்டும் தாலாட்டு பாடாத குறையா வச்சே. மெதுவா வச்சா எல்லாம் மிதக்கும்."

வானொலி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பெரிய டீச்சர் சொல்லிக் கொடுத்ததில் இது இல்லை. முப்பது தலைகளும் வாளிகளின் மேல் கவிழ்ந்தன. கொஞ்ச நேரத்தில் ஒரு மேசையிலிருந்து ஒருவன் உருண்டையை இரண்டு விரலால் பிடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர்மேல் வைத்தான். மூழ்கியது. கிண்ணத்தை ஒரு முழம் உயரத்திலிருந்து போட்டான். தெறித்த தண்ணீர் அவன் சட்டையை நனைத்தது. கிண்ணம் குலுங்கிவிட்டு மிதந்தது.

"தோத்தீங்க மாமா!"

"அட, இரு. ரெண்டும் ஒரே கனம்னு யார் சொன்னது?"

தராசை நோக்கி ஒரு படையே ஓடியது. கிண்ணத்தைத் தராசில் வைத்து எழுதிக்கொண்டு, அதையே உருண்டையாக்கி மறுபடி வைத்தார்கள். ஒரு இம்மி மாறவில்லை. மூட்டை மாமா தராசைச் சந்தேகப்பட்டார். தராசு சரிதானா என்று பார்க்க ஒருத்தி தன்னுடைய அழிப்பானை வைத்து, பக்கத்து வகுப்புத் தராசிலும் போய் வைத்துவிட்டு மூச்சிரைக்க வந்தாள். மாமா முணுமுணுத்துக்கொண்டு ஒத்துக்கொண்டார். மரம் தூங்குமா என்று அன்றைக்குக் கேட்ட பையன், "மாமா, நீங்க எந்த ஸ்கூல்ல படிச்சீங்க?" என்று கேட்டான். அது திட்டத்தில் இல்லாத கேள்விதான். "ஏன், அந்த ஸ்கூலை மூடச் சொல்லப் போறியா?" என்று மாமா பதில் சொன்னார்.

அக்கா நேரத்தைப் பார்க்க மறந்துவிட்டாள். கடைசி வரிசையையும் மறந்துவிட்டாள். பார்சல் அலுவலகத்தில் அத்தனை வருடம் ஒரே வாக்கியத்தைச் சொன்னவளுக்கு, எதிரே இருப்பவர் அடுத்து என்ன சொல்வார் என்று தெரியாமல் நிற்பது இவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று தெரிந்திருக்கவில்லை. கடைசியில் மாமாவின் பெரிய ஆயுதத்தையும் எடுத்துவிட்டாள். பதில் தனக்கே தெரியாது என்ற பயம்கூட அப்போது எழவில்லை.

"சரி, வடிவம் மாறினா மிதக்கும், அப்படித்தானே? இந்தா, தட்டு மாதிரி சப்பையா தட்டிட்டேன். கிண்ணத்தைவிட அகலம்." தண்ணீரில் வைத்தாள். போய்விட்டது. "இப்ப என்ன சொல்றீங்க?"

மேசைக்கு மேசை தட்டு செய்தார்கள். மேசைக்கு மேசை மூழ்கியது. மெதுவாக வைத்தார்கள், திருப்பி வைத்தார்கள், ஊதிக்கூடப் பார்த்தார்கள். கடைசி மேசைப் பிள்ளைகள் பொறுக்க முடியாமல் தேர்வாளரிடமே ஒரு தட்டை நீட்டி, "சார், நீங்க வச்சுப் பாருங்க" என்றார்கள்.

அவர் பேனாவை மூடினார். முழங்காலை மடக்கி வாளியருகே உட்கார்ந்தார். சட்டைக் கை நனைவதைக்கூடக் கவனிக்காமல், மிகவும் அக்கறையாக, இரண்டு கையாலும் தட்டை வைத்தார். விட்டார். அது மிதந்தது.

"மிதக்குது! சார் வச்சது மிதக்குது!"

அவரே அசந்துபோய்விட்டார். ஆனால் பக்கத்தில் இருந்த பெண் குனிந்து உற்றுப் பார்த்தாள். அடுத்த நொடி அவள் போட்ட கூச்சல் தலைமையாசிரியர் அறைவரை கேட்டிருக்கும்.

"சார் ஏமாத்துறாரு! ஓரத்தை மடக்கிட்டாரு!"

கூட்டம் கூடிவிட்டது. உண்மைதான். பிடித்த பிடியில் கட்டைவிரல்கள் ஓரத்தை லேசாக மேலே தூக்கிவிட்டிருந்தன. தேர்வாளர் காதுவரை சிவந்து, "நான் வேணும்னு பண்ணலை" என்றார். அதற்குள் வானொலி தன் தட்டின் ஓரத்தைச் சுற்றிலும் மடக்கிக்கொண்டிருந்தாள்.

"சுவர் வேணும்! மாமா, தட்டுக்குச் சுவர் இல்லை! தண்ணி மேல ஏறி உள்ள வந்துருது. சுவர் வச்சா தண்ணி வெளியவே நிக்குது, உள்ள இருக்கிற காலி இடமும் சேர்ந்து தண்ணியைத் தள்ளுது. அதான் அதிக இடம்! பெரிய டீச்சர் சொன்ன 'அதிக இடம்' இதுதான்!"

நேற்று மூன்று தடவை ஒப்பித்த வரி. இன்றைக்குத்தான் அவளுக்கு அது புரிந்திருக்கிறது. அக்காவுக்கும்தான்.

அக்கா தோளிலிருந்த துணியை எடுத்து வாளிக்குப் பக்கத்தில் போட்டாள். "மூட்டை மாமா தோத்துட்டாரு" என்றாள் தன் சொந்தக் குரலில். மணி அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

ஆசிரியர் அறையில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். தேர்வாளர் நனைந்த சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டிருந்தார். அவர் வாயைத் திறக்கும் முன் பெரிய டீச்சர் எழுந்துவிட்டார்.

"சார், தப்பு பூரா என் மேல. இவளுக்கு ஒண்ணுமே தெரியாது. போன தடவை பிள்ளைங்க ஊமையா உக்காந்துருச்சே, இந்தத் தடவை பேசட்டும்னுதான் நேத்து நடத்தி வச்சேன். நல்லது செய்யப்போய் இப்படிப் பண்ணிட்டேன். என்னை என்ன வேணா எழுதிக்கோங்க."

சொல்லிவிட்டுப் பொலபொலவென்று அழுதார். அக்காவுக்கு அவர்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எழுந்து போய் அவருடைய அகலமான தோளில் கையை வைத்துக்கொண்டாள்.

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "உக்காருங்க டீச்சர். நீங்க செஞ்சது சரியில்லை, இனிமே செய்யாதீங்க. ஆனா நேத்துப் பாடத்துக்கு மார்க் போட நான் வரலை. அதோட, நானே இன்னைக்குப் பிள்ளைங்க கையில கையும் களவுமா மாட்டிட்டேன். நான் யாரைப் போய் விசாரிக்கிறது?" என்று அக்கா பக்கம் திரும்பினார். "அந்த மூட்டை மாமா நிஜமாவே இருக்காரா?"

"இருக்காரு சார். எங்க வீட்டுக்காரர்."

"அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க. போன தடவை ஒரு பையன், மரம் தூங்குமான்னு கேட்டானே. அவனுக்குப் பதில் சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்லை சார்" என்றாள் அக்கா. "எனக்கும் தெரியாது. அவனும் நானுமா சேர்ந்துதான் பாக்கணும்."

அவர் சிரித்துக்கொண்டே தேர்ச்சி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். உரிமம் வாரியத்திலிருந்து அடுத்த வாரம் வரும் என்றார். பெரிய டீச்சர் மறுபடி அழ ஆரம்பித்தார்.

வீட்டுக்கு வந்தபோது கணவரும் மகளும் வாசல் கதவிலேயே நின்றார்கள். அன்றைக்கு அவர் லாரிக்குப் போகவே இல்லை. கேட்டால், முதுகு பிடித்துக்கொண்டது என்றார். மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்ததுமே குதித்தாள். அவர் மட்டும் நம்பாமல் நின்றார்.

"என்னாச்சும்மா? சொல்லேன்."

"நீங்க தோத்துட்டீங்க" என்றாள் அக்கா.

"நானா? யாருகிட்ட?"

"அஞ்சாம் வகுப்புகிட்ட. முப்பது பேரும் சேர்ந்து உங்களை உண்டு இல்லைன்னு ஆக்கிட்டாங்க. உங்களுக்கு மூட்டை மாமான்னு பேரு வேற வச்சிருக்காங்க."

நடந்ததை அவள் சொல்லச் சொல்ல மனிதருக்குப் பெருமை தாங்கவில்லை. தன்னுடைய ஒவ்வொரு வாதமும் எப்படித் தோற்றது என்று திரும்பத் திரும்பக் கேட்டார். தேர்வாளர் வணக்கம் சொன்ன இடத்தை மட்டும் இரண்டு தடவை சொல்ல வைத்தார். கடைசியில் நினைவு வந்தவராக நிமிர்ந்தார்.

"அந்தத் தட்டு? அதுக்கு ஒண்ணும் சொல்லியிருக்க முடியாதே?"

"சொல்லிட்டாங்களே."

"என்ன சொன்னாங்க?"

அக்கா வாயைத் திறந்தாள். பதில் நாக்கு நுனியில் நின்றது. சொல்லிவிட்டால் ஒரு வரிதான். அவள் வாயை மூடிக்கொண்டாள். எழுந்து போய்த் தொட்டியில் தண்ணீர் பிடித்துக் கூடத்தின் நடுவில் வைத்தாள். பையிலிருந்து களிமண்ணை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"நீங்களே பாருங்க."

"சொல்லித் தொலையேன். மனுஷனைச் சோதிக்கிறியே."

"ம்ஹும்."

அவர் மகளைப் பார்த்தார். மகள் கூரையைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். தட்டினார், வைத்தார், மூழ்கியது. எடுத்தார், துடைத்தார், இன்னும் அகலமாகத் தட்டினார். மூழ்கியது. தண்ணீரைத் திட்டினார். களிமண்ணைத் திட்டினார். ஐந்தாம் வகுப்பையும் ஒரு பிடி பிடித்தார். அக்கா எதிரே உட்கார்ந்து, சொல்லிவிடாமல் இருக்கத் தன் கை இரண்டையும் இறுக்கிக் கோத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். பாடம் நடத்துவதைவிட அது கஷ்டமாக இருந்தது.

எத்தனையாவது தடவையோ, தட்டு மூழ்கும்போது அவர் அதைத் தடுக்கப் போகாமல் குனிந்து பார்த்தார். ஓரத்தில் தண்ணீர் எந்த இடத்தில் ஏறுகிறது என்று பார்த்தார். ஏறும் இடத்தைக் கட்டைவிரலால் மடக்கினார். அடுத்த பக்கம் ஏறியது. அங்கேயும் மடக்கினார். அலமாரிகளைத் தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன விரல்களால் சுற்றிலும், ஒரு இடம் விடாமல் மடக்கி, தண்ணீர்மேல் வைத்து, கையை எடுத்தார்.

அது நின்றது.

ஆள் எழுந்தேவிட்டார். நனைந்த வலது கையைக் கூரையை நோக்கி உயரத் தூக்கினார்.

"டீச்சர்! டீச்சர்! மிதக்குது டீச்சர்!"

மகள் முதலில் புரிந்துகொண்டு அப்பாவைப் பார்த்தாள், பிறகு அம்மாவை. தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு இன்னும் உறைக்கவில்லை. களிமண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டு, கண்டிப்பான ஒரு டீச்சர் குரலை வரவழைத்துக்கொண்டாள்.

"கையை இறக்கு. ஏன் மிதக்குதுன்னு சொல்லு பாக்கலாம்."